குத்திக் கொடுத்த சாமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் பள்ளிக்கூடம் போனேன். அதிலும் மழைக்காலத்தில் பாதி நாள் போனதில்லை. எழுத்துக்கூட்டி ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோகிறது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது என் மருமகள். மேற்கே கேரளத்தில் மலை சரிந்து வீடு வாசல் போனவர்களுக்காக இந்த வருசமும் சேர்த்து அனுப்புகிறார்கள். அங்கே பல பேர் இன்னும் வாடகை அறையில்தான் இருக்கிறார்கள். எங்கள் மலையில் பெரக்கரை நாட்டு ஊர்களில் வீடு வீடாகக் கேட்டுப் போனால், "அதான் அப்பவே குடுத்தமே" என்கிறார்களாம்.

"அத்தை, அப்ப நடந்ததை நீங்க எழுதுங்க. நான் போய்ச் சொன்னா வசூலுக்கு வந்துட்டான்னு கதவச் சாத்தறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள்.

நான் சொல்லி யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை. ஆனாலும் அங்கே இருப்பவள் என் தங்கச்சி.

எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். அவள் வீட்டுக்காரரும் இந்த மலைக்காரர்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலை இருக்கிறதென்று மேற்கே போனவர், கல்யாணம் முடிந்த கையோடு அவளையும் கூட்டிப் போனார். பஸ் ஏற்றிவிட்டு நான் ரோட்டு முனையிலேயே நின்றேன். எங்கள் ரோடு வளைந்து வளைந்து இறங்குகிற ரோடு. பஸ் ஒரு வளைவில் மறையும், கீழ் வளைவில் தெரியும், மறுபடி மறையும். இனி தெரியாது என்று திரும்பினால் இன்னும் கீழே சின்னதாகத் தெரியும். அப்படிப் பார்த்துப் பார்த்தே அன்றைக்கு வெகுநேரம் நின்றுவிட்டேன்.

வருசம் தவறாமல் ஆடி நோம்பிக்கு இரண்டு பேரும் வருவார்கள். தேயிலைத்தூள் பொட்டலத்தோடு வந்து இறங்கியதும் அவள் கேட்கும் முதல் பேச்சு, "சாமை எடுத்துக் காயப் போட்டியாக்கா?" என்பதுதான். ரேஷன் அரிசி வந்த பிறகு இங்கே தினமும் சாமை குத்துகிற வீடு கிடையாது. நாங்களும் அவள் வந்தால்தான் உரலைக் கழுவுவோம். ஒரே உரலில் இரண்டு உலக்கை போடுவோம். என் உலக்கை ஏறும்போது அவள் உலக்கை இறங்க வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அவள் வாய் ஓயாது, ஆனால் உலக்கை தப்பாது. தோட்டத்துக் கங்காணி எப்படிப் பேசுவான், அட்டை கடித்தால் எங்கே உப்பு வைக்க வேண்டும், பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரி மீனை எப்படி ஆய்வாள், எல்லாக் கதையும் அந்த உரலடியில்தான் நான் கேட்டது. நான் பேசியது கொஞ்சம். அவள் ஒருத்தியிடம்தான் நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

பிள்ளை குட்டி இல்லை அவர்களுக்கு. வேலை ஓய்ந்த பிறகு ஓடைக்கரையில் கொஞ்சம் இடம் வாங்கி ஓட்டு வீடு கட்டினார்கள். இங்கிருந்து எடுத்துப்போன மிளகுக் கொடி அங்கே மரத்தில் தொத்தி ஏறிவிட்டது என்று அவளுக்கு அவ்வளவு பெருமை. "நாங்களும் வயசாகி இங்கியே வந்தர்றோம், உங்க ஊட்டுலயே ஒரு ஓரமாக் கெடக்கறோம்" என்பாள். போகும்போது, "அடுத்த வருசம் பாக்கலாமக்கா" என்பாள்.

மலை சரிந்த அந்த வருசம் மழை விடவில்லை. எங்கள் மலையிலும் பெய்தது. மேற்கே பெய்தது வேறு மாதிரி என்பது டிவியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. விடியும் முன்னே மலை ஒரு பக்கமாக இறங்கி ஓடையோடு ஊரையே கொண்டுபோயிருந்தது. காட்டிய இடத்தில் வீடு இல்லை, மரம் இல்லை. சேறும் பாறையும்தான். அவள் இருந்த ஊரின் பேரைத்தான் டிவிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மருமகள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. ஒரு பெண் மட்டும் அதே வார்த்தையைச் சொன்னாள், தொடர்பு கொள்ள முடியாது என்று. அந்தப் பெண் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவளை என்ன செய்ய முடியும்? சோறு இறங்கவில்லை. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். வருகிற பஸ்ஸில் அவள் இருக்க மாட்டாள் என்று தெரிந்தும் ஓடினேன்.

பிறகு ஒரு மத்தியானம் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள்.

"அக்கா."

அந்த ஒரு சொல்லுக்கு நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரசவத்துக்கு இருந்த ஒரு பிள்ளைக்குத் துணையாக மேட்டிலிருந்த தோட்டத்து லைன் வீட்டுக்குப் போயிருந்தாளாம். அதனால் தப்பினாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள்.

"அவரு?" என்று கேட்டேன்.

"ஊட்டுலதான இருந்தாரு" என்றாள். "தேடறாங்கக்கா. மிஷினெல்லாம் வெச்சுத் தேடறாங்க."

பேச்சை மாற்றினேன்.

"இங்க வந்துரு சாமி. உன்ற அண்ணன் பையனை அனுப்பி வெக்கறேன்" என்று மகனை அவள் அண்ணன் பையனாக்கிவிட்டேன். எனக்கு அண்ணனே கிடையாது. அந்தப் பதட்டத்தில் வாய் அப்படி உளறியது. அவள் கொஞ்சம் சிரித்தாள்.

"எப்படிக்கா வர்றது? அவரு இங்கதான இருக்காரு. கெடைச்சா நான் இருக்கோணுமில்ல?"

"வேற என்ன வேணும் கண்ணு? அதையாச்சும் சொல்லு."

"ஒண்ணும் வேண்டாம். எல்லாரும் கொண்டாந்து குடுக்கறாங்க. சேலை மலையாட்டக் கெடக்குது. பொட்டலச் சோறும் வருது. எனக்குத்தான் எறங்க மாட்டீங்குது. கொஞ்சம் சாமைச் சோறு இருந்தா..." என்று நிறுத்திவிட்டு, "அட, சும்மா சொன்னனக்கா. இங்க யாரு ஆக்கறது" என்றாள்.

நாங்கள் மிளகு விற்பது மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு பாய் கடையில். அவரும் அவர் பள்ளிவாசல் ஆட்களும் சேர்ந்து அந்த ஊருக்கு ஒரு லாரி அனுப்புகிறார்கள் என்று மகன் வந்து சொன்னான். மலைக்காரர்கள் ஏதாவது கொடுத்தால் அதையும் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னாராம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே நினைப்புதான். அவளுக்கு மட்டுமல்ல, அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு வேளையாவது சாமைச் சோறு போய்ச் சேர வேண்டும்.

ஆனால் ஊரில் யார் கேட்பது? ரேஷன் கடைக்குச் சனம் கூடுகிற நாளாகப் பார்த்துப் போனேன். பேச வேண்டும் என்றுதான் போனேன். போய் ஓரமாக உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா முறையாகிற ஒருவர் இருக்கிறார். நான் அவரை நங்கை என்று கூப்பிடுவேன். அவருக்கு வாய் பெரிசு.

"ஏம்புள்ள, அரிசி வாங்க வந்தியா, அருள் வாங்க வந்தியா? கண்ண மூடிக் குந்திக்கிட்டிருக்கற?" என்றார்.

அவர் காதில்தான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் எழுந்து நின்றார்.

"ஏ, எல்லாரும் கேளுங்க! இவ தங்கச்சி அங்க பள்ளிக்கூடத்துல கெடக்கறா. சாமை கேட்டிருக்கறா. இவ இங்க மாடாட்ட அசை போட்டுக்கிட்டிருக்கறா. தொம்பையில மிச்சமிருக்கறதக் கொண்டாந்து போடுங்க. நோம்பிக்கு வந்து உங்க ஊட்டுத் தின்பண்டமெல்லாம் தின்னுட்டுப் போனவதான் அவ, மறந்துராதீங்க!"

சனம் சிரித்தது. ஆனால் கொண்டுவந்தார்கள். விதைப்பு முடிந்த காலம் அது. தானியம் கொட்டி வைக்கிற மூங்கில் தொம்பையின் அடியில்தான் கொஞ்சம் இருக்கும். அறுப்பு வரைக்கும் அதுதான் நல்ல நாளுக்கும் விருந்தாளிக்கும். அதை வழித்துக்கொண்டு வந்தார்கள். தொம்பையைத் தட்டிக் கவிழ்த்த வீடும் உண்டு.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தானியம் கொடுத்தால் உமியோடுதான் கொடுப்போம். வேண்டுமானால் குத்திச் சாப்பிடலாம், இல்லாவிட்டால் விதைக்கலாம். குத்திய சாமையைக் கொடுப்பது இழவு வீட்டுக்கு மட்டும்தான். இழவு வீட்டில் காரியம் முடிகிற வரைக்கும் உலக்கைச் சத்தம் கேட்கக் கூடாது. அதனால் உறவுக்காரர்கள் தங்கள் வீட்டில் குத்திப் புடைத்து, அதைக் கொண்டுபோய் இறக்குவார்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தாலே எந்த வீட்டுக்குப் போகிறதென்று தெரிந்துவிடும்.

ஒருத்தி மட்டும் விவரம் தெரியாமல் குத்திய சாமையை முறத்தில் கொண்டுவந்தாள். நங்கை அவளைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பிக் கொண்டு போ! மனுசன இன்னுந் தேடிக்கிட்டிருக்கறாங்க. நீ அதுக்குள்ள எழவு சாமை கொண்டாறயா?"

அந்தப் பிள்ளை முகம் சுருங்கிப் போனாள். எனக்கு நங்கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஊரே என் தங்கச்சி வீட்டுக்காரர் உயிரோடு வருவார் என்று நம்புகிற மாதிரி, எல்லா மூட்டையும் உமியோடு கட்டி வைத்திருந்தது.

அடுத்த நாள் காலையில் மூட்டைகளை வேனில் ஏற்றி, நானும் நங்கையும் மகனும் இறங்கினோம். எனக்கு வளைவில் வண்டி திரும்பினாலே குடல் புரளும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போனேன். பாய் கடை வாசலில் லாரி நின்றது. ஆட்கள் போர்வையும் பாத்திரமும் பிஸ்கட் பெட்டியும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் எங்கள் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். மிளகைப் பார்க்கிற மாதிரியே விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். பிறகு மறுபடி அள்ளினார். முகத்தில் ஒரு தயக்கம்.

"ஏனுங்கம்மா, எல்லா மூட்டையும் இப்படித்தானுங்களா? உமியோட?"

"ஆமாங்க பாய். எங்க வழக்கம் அது" என்றார் நங்கை.

"தப்பா நெனைக்காதீங்க. அங்க ஸ்கூல்ல தங்கியிருக்கற சனமுங்க. ஒரே எடத்துல பெரிய அண்டா வெச்சு ஆக்கறாங்க. உரலுக்கு எங்க போவாங்க? இப்படியே கொண்டு போனா மூலையில கெடந்து பூஞ்சை புடிச்சுரும். இங்கியே சேந்தமங்கலம் ரோட்டுல மில்லு இருக்குது. நான் சொன்னா உமி போக ஒடனே ஒடச்சுக் குடுப்பாங்க. லாரி சாயங்காலம் கெளம்பட்டும்."

"ஒடைக்கறதா!" என்று நங்கை இடுப்பில் கை வைத்தார். "அதெல்லாம் முடியாதுங்க. குத்துன சாமை எழவு ஊட்டுக்குத்தான் குடுப்போம். இவ தங்கச்சி ஊட்டுக்காரன் இன்னுங் கெடைக்கல. கெடைக்கற வரைக்கும் நாங்க அந்த ஊட்ட அப்படி நெனைக்க மாட்டோம். ஏம்புள்ள, சொல்லேன்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய், பாயின் ஆட்கள், லாரி டிரைவர், தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட. சாமை அங்கே அழுகிக் கிடப்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. டிவியில் பார்த்த சேறும் தெரிந்தது. அந்தச் சேற்றுக்கு அடியில் இருக்கிறவர் எழுந்து வருவார் என்று நானும் அவளும் போனில் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருந்தோம். யாராவது ஒருத்தி நிறுத்த வேண்டும். அவள் நிறுத்த மாட்டாள்.

"எழவு ஊடுதானுங்க" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாய், "என்னங்கம்மா?" என்று குனிந்தார்.

"அது எழவு ஊடுதானுங்க. அந்தப் பள்ளிக்கூடமே எழவு ஊடுதான். ஒடச்சுக் குடுங்க."

நங்கை இடுப்பிலிருந்து கையை எடுத்தார். மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூக்கைச் சிந்திப்போட்டு, "உமியை மட்டும் எங்களுக்குத் திருப்பிக் குடுத்தறச் சொல்லுங்க பாய். ஊட்டுல கோழி கெடக்குது" என்றார்.

மில்லிலிருந்து வரும் வரைக்கும் பாய் எங்களைக் கடைக்குள் உட்காரவைத்து டீ வரவழைத்தார். அவரும் எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க சனத்துலயும் அப்படித்தானுங்கம்மா. மவுத்தான ஊட்டுல மூணு நாளைக்கு அடுப்பு பத்த வெக்க மாட்டாங்க. அக்கம்பக்கத்துக்காரங்கதான் ஆக்கிக் கொண்டு போவோம். எங்க அம்மா போனப்ப யாரு யாரு ஊட்டுச் சோறு தின்னேன்னு எனக்கு இன்னும் நெனப்பிருக்குது. வேற எதுவும் நெனப்பில்லீங்க" என்றார்.

உடைத்த சாமை வந்தது. உமி போனதில் மூட்டை எல்லாம் சிறுத்துப் போயிருந்தது. வெளுப்பாக, கண்ணுக்கு நல்லதாக இருந்தது. கை வைக்கவே எனக்கு மனசில்லை. லாரி கிளம்பி மெயின் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நின்றோம். இங்கே வளைவு இல்லை. ஒரு தரம் மறைந்தால் மறைந்ததுதான்.

அவள் கூப்பிட்டபோது நான் மிளகுக் கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். மருமகள் போனைக் கொண்டுவந்து காதில் வைத்தாள்.

"அக்கா, சாமை வந்துச்சு."

"வந்துருச்சா சாமி?"

"குத்தி அனுப்பியிருக்கற."

"ஆமா கண்ணு."

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டுகிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், மைக்கில் யாரோ மலையாளத்தில் சொல்வது, எல்லாம் கேட்டது. அவள் கோபித்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு சத்தம் வந்தது. மலை சரிந்ததிலிருந்து அவள் அழுது நான் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அழுதாள். எங்கள் ஊர்ப் பெண்கள் இழவில் அழுகிற மாதிரி, அவர் பேரையும் குணத்தையும் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஓய்ந்த பிறகு சொன்னாள். "எத்தனையோ பேரு வந்தாங்கக்கா. சேலை குடுத்தாங்க, பணங் குடுத்தாங்க, போட்டோ புடிச்சாங்க. நல்லவங்கதான் எல்லாரும். எழவுக்கு வந்த மாதிரி ஒருத்தரும் வரல. இன்னைக்குத்தான் எங்க ஊட்டுக்கு எழவுக்கு வந்திருக்கறாங்க."

அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சாமைச் சோறு ஆக்கினார்களாம். தண்ணீர் அளவு தெரியாமல் குழைந்துவிட்டதாம். "கஞ்சியாட்ட ஆயிருச்சு. ஆனாத் தின்னாங்க. பக்கத்துலிருந்த கெழவர் ஒருத்தரு, அவருக்குப் பேரப்பிள்ளைங்க போயிருச்சு, ரெண்டு தரம் வாங்கித் தின்னாரு" என்றாள். பிறகு ஒரு நாள் ஓடைக்கரையில், கிடைக்காமலே போன வீட்டுக்காரருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள்.

அதோடு வந்துவிடுவாள் என்று எண்ணினேன். வரவில்லை. வீடு கட்டித் தருகிறார்கள், அது வரைக்கும் அங்கே இருக்க வேண்டும் என்கிறாள். வாடகை அறையில் இருக்கிறாள். அறைக்குப் பக்கத்தில் ஒரு மிளகுக் கொடி நடக்கூட இடம் கிடையாது. நாள் தவறாமல் ஓடைப் பக்கம் போய், வீடு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள். "வாரேனக்கா, இந்த ஆடிக்கு வாரேன்" என்று சொல்லி ஆடி போய்விட்டது. மகன் என்னைக் கூட்டிப் போகிறேன் என்கிறான். எனக்கு முழங்கால் விடமாட்டேன் என்கிறது. வாசலூர்பட்டி ஏரியில் படகில் போக வருகிற வெளியூர் வண்டிகள் எங்கள் ரோட்டில் போகும். அதில் கேரளத்து வண்டி போனால் நான் நின்று பார்க்கிறேன். ஏன் பார்க்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் இருக்கிற பக்கத்துக் காற்று பட்ட வண்டி, அவ்வளவுதான். உரல் கழுவாமல் கவிழ்ந்து கிடக்கிறது. ஒற்றை உலக்கை போட எனக்கு மனசு வருவதில்லை.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அப்போதே கொடுத்தோமே என்று சொல்லாதீர்கள். இழவு வீட்டுக்கு ஒரு தரம் போனால் முடிந்தது என்று நாம் இருப்பதில்லையே. கருமாதிக்குப் போகிறோம், வருசத் திதிக்குப் போகிறோம். முதல் நோம்பிக்கு அந்த வீட்டுக்காரர்கள் செய்ய மாட்டார்கள் என்று நாமே பலகாரம் சுட்டுக் கொண்டுபோகிறோம். அவர்களுக்கு இன்னும் கூரை வரவில்லை. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். கொடுக்கும் முன் அவர்களுக்கு அடுப்பு இருக்கிறதா, பாத்திரம் இருக்கிறதா, எது இறங்கும், எது இறங்காது என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் நங்கை மாதிரி வாய் பெரிசாக இருக்கிற ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னால் முடிந்தது என்றால் உங்களாலும் முடியும். எங்கள் வீட்டில் இந்த வருசச் சாமையை உடைத்தே வைத்திருக்கிறோம். பாய் கடையில் லாரிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதியதில் பிழை இருக்கும். லாரி போனது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று எனக்கும் நங்கைக்கும் இன்னும் சண்டை. அதைப் பாயிடம் கேட்டால் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் எத்தனை குடும்பம் இருந்தது, அந்தக் கிழவர் யார் என்பதெல்லாம் நான் போனில் காதால் கேட்டதுதான். அன்றைக்கு அவள் அழுததையும் காதால்தான் கேட்டேன், பக்கத்தில் இருக்கவில்லை. லாரியோடு போகிறவர்கள் யாராவது இதை எடுத்துப்போய் என் தங்கச்சியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவளுக்கும் படிப்பு அவ்வளவாக வராது, நிதானமாக வாசியுங்கள். எங்கே தப்பென்று அவள் சொல்கிறாளோ, அங்கே திருத்திவிடுங்கள்.